மானிட்டரிங்: கண்காணிப்பு என்றால் போதுமா?

பாலத்திலும் துறைமுகத்திலும் உணரிகள் (சென்சார்கள்) பொருத்தும் வேலையை ‘மானிட்டரிங்’ என்கிறார்கள். தமிழில் கண்காணிப்பு என்று எழுதிவிடுகிறோம். பாதிப் பொருள்தான் அதில் வருகிறது.

லத்தீனில் ‘மொனேரெ’ என்றால் எச்சரித்தல், நினைவூட்டல். ‘மொனிட்டோர்’ அதைச் செய்பவர். பள்ளிக்கூட மானிட்டர், அதாவது நம் சட்டாம்பிள்ளை, இந்த வழியில் வந்தவர்தான்.

கண்காணிக்கு வேறு பிறப்பு: கண்ணால் காண்பவர். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்ப்பவர். திருமூலருக்கு இறைவனே கண்காணி. இலங்கை, மலாயாத் தோட்டங்களில் அது கங்காணி ஆகி, ஆள் சேர்த்து வேலை வாங்கியவரைக் குறித்து, ஆங்கில அகராதிக்குள்ளும் போய்விட்டது. இந்த வரலாறு முழுக்கப் பார்வைதான்; எச்சரிக்கை எங்கும் இல்லை.

பார்வை மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவின் மினியாபொலிஸ் சாட்சி. 2007 ஆகஸ்ட் 1 அன்று மிசிசிப்பி ஆற்றின் மேலிருந்த நெடுஞ்சாலைப் பாலம் இடிந்து 13 பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் ஆய்வு நடந்த பாலம் அது. இணைப்புத் தகடுகள் தேவையான கனத்தில் பாதிதான் இருந்தன. 2003-இல் எடுத்த படங்களிலேயே சில தகடுகள் வளைந்திருந்தது தெரிகிறது. கண் கண்டது, யாரும் எச்சரிக்கவில்லை.

2008-இல் திறந்த புதிய பாலத்தில் 300-க்கும் மேற்பட்ட உணரிகள் உள்ளன. திரிபு (சுமையால் நீள்வதும் சுருங்குவதும்), அதிர்வு, வெப்பம், கம்பியின் அரிப்பு எல்லாம் அளக்கப்படுகின்றன. திறப்பதற்கு முன்பே சுமை ஏற்றிய லாரிகளை நிறுத்தி, அளவுகள் கணக்கோடு ஒத்துப்போகின்றனவா என்று சோதித்தார்கள். இயல்பு நிலை எதுவென்று தெரிந்தால்தானே பிறழ்வு புலப்படும்? வெயில் ஏறி இறங்குவதாலேயே பாலம் தினமும் வளைந்து நிமிர்கிறது. அந்தக் கணக்கைக் கழிக்காவிட்டால் தினமும் பொய் அபாயமணிதான்.

துறைமுகத்திலும் இதே கதை. 2004 டிசம்பர் 26 அன்று சென்னைத் துறைமுகத்தின் கடல்மட்ட அளவி சுனாமியைத் துல்லியமாகப் பதிவு செய்தது. ஆனால் அத்தகைய பதிவுகளைச் சேர்த்து அடுத்த கரைக்குச் சொல்லும் ஏற்பாடு இந்தியப் பெருங்கடலில் அன்று இல்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் 2007-இல்தான் வந்தது.

ஆகவே, கருவி அளவைக் குறித்து மட்டும் வைத்தால் ‘பதிவு’ என்றே எழுதலாம். தொடர்ந்து பார்த்து ஒப்பிடுகிற ஏற்பாட்டுக்குக் ‘கட்டமைப்பு நலக் கண்காணிப்பு’ பொருந்தும். எல்லை தாண்டியதும் தானே குரல் கொடுத்தால் ‘எச்சரிப்புக் கண்காணிப்பு’ என்பேன். நீளம்தான். ஆனால் ‘புயல் எச்சரிக்கைக் கூண்டு’ என்று துறைமுகத்துக்காரர்கள் தயங்காமல் சொல்கிறார்களே, அது மட்டும் குட்டைச் சொல்லா?