வாட்டம் விடாத ஆனிங்குக்கு எத்தனை ராஃப்டர் போட்டாலும் தண்டம்தான்

மெல்போர்ன் கப் விடுமுறை முடிந்த புதன்கிழமை. பட்டறைக் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே வாசலில் மூன்று கேரவன்கள் (காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டி) நின்றன. மூன்றுக்கும் ஒரே சீக்கு. ராத்திரி பெய்த மழையில் ஆனிங்கில், அதாவது வண்டியின் பக்கவாட்டில் விரிக்கும் துணிக்கூரையில், தண்ணீர் தேங்கி, துணி தொட்டில் மாதிரி தொங்கி, துணியைச் சுருட்டிவைக்கும் ரோலர் குழாய் வளைந்துவிட்டது. கடைசி வண்டிக்காரர் நம்ம ஆள். கிழிந்த துணியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு கடற்கரை ஊரான லேக்ஸ் என்ட்ரன்ஸிலிருந்து வந்திருந்தார். துணிக்கு அடியில் குறுக்கே கொடுக்கும் குழாய்க்குத்தான் ராஃப்டர் என்று பெயர். அதைப் பற்றித்தான் அவர் புலம்பல்.

"தம்பி, பக்கத்து சைட்ல இருந்தவன் ஒண்ணுகூட போடல. நான் மூணு ராஃப்டர் போட்டிருந்தேன். அவனுக்கு ஒண்ணும் ஆகல, எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

மெல்போர்னின் கேம்பல்ஃபீல்டில் தடுக்கி விழுந்தால் கேரவன் தொழிற்சாலை. அந்த வட்டாரத்தில் பல வருஷமாக இந்த வேலையைத்தான் பார்க்கிறேன். இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. நம்மவர்களில் கேரவன் வாங்குகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள், அதனால் தமிழிலேயே ஒருமுறை எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அவர் ஆனிங்கை எப்படி விரித்திருந்தார் என்று கேட்டேன். போனில் படம் காட்டினார். இரண்டு பக்கக் கால்களும் அச்சு அசலாக ஒரே உயரம். ரசமட்டம் வைத்துப் பார்த்தாராம்! அண்ணே, ரசமட்டம் வண்டியின் தரைக்கு. படுத்தால் உருளாமல் இருக்க, ஃபிரிட்ஜ் ஒழுங்காக ஓட, வண்டியை மட்டமாக நிறுத்தவேண்டும். ஆனிங் என்பது கூரை. ஊரில் மொட்டை மாடி தளம் போடும்போது கொத்தனாரிடம் நாம் முதலில் கேட்பது என்ன? "வாட்டம் சரியா விட்டியா?" என்றுதானே? தண்ணீர் எந்த மூலைக்கு ஓடும் என்று பார்த்துப் பார்த்து வீடு கட்டிய ஜனம், கேரவன் வாங்கியதும் அதை மறந்துவிடுகிறது. சமமாக நின்றால் அழகாக இருக்கிறதாம்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 15 அடி நீளம், 8 அடி அகல ஆனிங் என்றால் கிட்டத்தட்ட 11 சதுர மீட்டர். அதன்மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 110 லிட்டர், அதாவது 110 கிலோ. அதில் பாதி தேங்கினாலே ஒரு ஆள் மேலே ஏறிப் படுத்த மாதிரி. துணி கொஞ்சம் தொய்ந்ததும் சுற்றிலும் விழுகிற தண்ணீரும் அந்தப் பள்ளத்துக்கே வந்து சேரும். பள்ளம் பெரிதாகும், இன்னும் சேரும். ஆனிங்கை இரண்டு ஓரத்திலும் தாங்குகிற கைகள், நூறு கிலோ வந்தால் மடங்காமல் என்ன செய்யும்?

அப்படியானால் ராஃப்டர் எதற்கு என்பீர்கள். ஓட்டு வீட்டில் கைமரம் ஓட்டின் பாரத்தைச் சுமக்கிறது. பெயர் அதேதான் என்பதால் இதுவும் பாரம் சுமக்கும் என்று நினைத்துவிடுகிறோம். எல்லாக் கோளாறும் அங்கேதான் தொடங்குகிறது. ஆனிங் ராஃப்டர் பாரம் சுமக்க வந்ததல்ல. துணியைக் கொஞ்சம் மேலே தூக்கி, தண்ணீர் நிற்காதபடி அதற்கு ஒரு வடிவம் கொடுக்கிறது, அவ்வளவுதான். வாட்டம் இருந்தால் அது உதவும். இல்லையென்றால் இரண்டு ராஃப்டருக்கு நடுவே ஒரு குளம், அடுத்த இரண்டுக்கு நடுவே இன்னொரு குளம். ஒரு குளத்தை நாலாக்கியதுதான் மிச்சம்.

"அதான் நல்லா டைட்டா முறுக்கி வெச்சேன் தம்பி" என்றார். அதுதான் அடுத்த தப்பு. ராஃப்டரின் ஒரு முனை வண்டிச் சுவரில், மறுமுனை ரோலர் குழாயில். முறுக்க முறுக்க ராஃப்டர் நீண்டு அந்தக் குழாயை வெளியே தள்ளும். குழாய்க்குப் பிடிமானம் இரண்டு ஓரத்தில்தான், நடுவில் எதுவும் இல்லை. அதனால் நடுவே வில்லாக வளையும். நடுத்துணி விறைக்கும், ஓரத்துணி தளரும். தளர்ந்த இடத்தில் தண்ணீர் உட்காரும். அவருடைய துணி கிழிந்ததும் நடுவில் இல்லை, ஓரத்தில்தான். ஒருமுறை வளைந்த குழாய் அதற்குப் பிறகு நேராகச் சுருளவே சுருளாது, மாற்றத்தான் வேண்டும். அந்தக் குழாய்க்குள் இறுக்கமான ஸ்பிரிங் இருக்கிறது. யூடியூப் பார்த்து அதன் முனை மூடியைக் கழற்றுகிறவர்களே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். அது சுழன்றால் விரல் போகும்.

கை விரலால் முறுக்கி, துணி சற்றே மேலே எழும்பினால் போதும். நிறுத்திவிடுங்கள்.

வாங்கும்போது வில் போல வளைவாகவே செய்த ராஃப்டரைப் பாருங்கள். நேர்க்குழாய் விலை குறைவு. ஆனால் துணி தன் போக்கில் தொய்ந்து அதன்மேல் உரசிக்கொண்டே கிடக்கும், நாளடைவில் அந்தக் கோட்டில் சாயம் போய் நைந்துவிடும். வளைந்ததுதான் துணியை வயிறு போல மேல்நோக்கி எழுப்பும். எத்தனை என்றால், 12, 13 அடிக்குள் ஒன்று, அதற்கு மேல் இரண்டு, இதுதான் என் வழக்கம். கடையில் "ராஃப்டர்" என்று மட்டும் கேட்காதீர்கள். இரண்டு ஓரத்திலும் ஏற்கெனவே உள்ள மேல் கைக்கும் அதே பெயர்தான். அதைத் தவறாக வாங்கி, பெட்டியைப் பிரித்துவிட்டு, திருப்பித் தரமுடியாமல் என்னிடம் கொண்டுவருகிறார்கள். நான் என்ன செய்ய?

அளவைக் கேட்டலாக்கில் பார்க்காதீர்கள். ஆனிங்கை முழுசாக விரித்து, துணியை இழுத்து நிறுத்திவிட்டு, ராஃப்டர் வரப்போகிற இடத்திலேயே டேப் பிடியுங்கள்.

சுவர்ப் பக்கம் பிராக்கெட் அடிப்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பழைய வண்டிகளில் பெரும்பாலும் வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மரச்சட்டம். சட்டம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் வெறும் தகட்டில் ஸ்குரூவை ஏற்றுகிறார்கள். ராஃப்டர் தள்ள ஆரம்பித்ததும் ஓட்டை பெரிசாகும். சீலன்ட் வைக்காவிட்டால் அந்த வழியாக மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, யாருக்கும் தெரியாமல் மரத்தை ஊறவைக்கும். இரண்டு வருஷம் கழித்து உள்சுவரை விரலால் அழுத்தினால் ஊறிய பிஸ்கெட் மாதிரி உள்ளே போகும். அந்த ரிப்பேர் செலவைச் சொன்னால் வண்டியையே விற்றுவிடலாமா என்பார்கள். ஆகவே, துணி நுழையும் தடத்திலேயே உட்காரும் முனை உள்ள ராஃப்டர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். துளையே போடவேண்டாம்.

வாட்டத்துக்கு வருகிறேன். கதவு இருக்கும் பக்கத்தை உயரமாகவே விட்டு, எதிர் மூலைக் காலை நன்றாக இறக்குங்கள். பார்த்தாலே கோணலாகத் தெரியவேண்டும். கதவுப் பக்கத்தை இறக்கினால் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் மேல்மூலை துணியைச் சுரண்டும். தண்ணீரும் படியில் கொட்டும். பக்கத்து டென்ட்காரன் தலையில் கொட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே தண்ணீர் தேங்கிவிட்டதா? முதலில் குழந்தைகளை உள்ளே அனுப்புங்கள். துடைப்பக்கட்டையால் பள்ளத்தின் நடுவே குத்தாதீர்கள். துணி கிழிந்து மொத்தமும் உங்கள் தலையில். பாரத்தோடு காலின் பூட்டைத் தளர்த்தினால் கை சடாரென்று இறங்கும். துடைப்பத்தில் டவலைச் சுற்றி, பள்ளத்தின் வெளி ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கித் தள்ளுங்கள். எல்லாம் வடிந்த பிறகு காலை இறக்கலாம்.

காற்றைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அதே 11 சதுர மீட்டர் துணியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று ஏறக்குறைய 80 கிலோ அழுத்தம் தரும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நாலு மடங்கு. எந்த ராஃப்டரும் இதற்குப் பதில் இல்லை. துணி படபடக்காமல் இருக்க ஓரக் கவ்விகள், ரோலர் மேல் போட்டு இறுக்கும் பட்டை, கடற்கரை மணலில் திருகி இறக்கும் முளை, இவை சாதாரணக் காற்றுக்கு. வானிலை அலுவலகமான பியூரோ ஆஃப் மீட்டியராலஜி இடிமழை எச்சரிக்கை விட்டால் சுருட்டிவிடுங்கள். வெளியே சுற்றக் கிளம்பும்போதும் தூங்கப்போகும்போதும் சுருட்டிவிடுங்கள். எழுந்து சுருட்டச் சோம்பல்பட்டுத்தான் பாதி பேர் என்னிடம் வருகிறார்கள். சுருட்டுவதற்கு முன் ராஃப்டரைக் கழற்றவேண்டும் என்றுகூடச் சொல்லவேண்டியிருக்கிறது. போன ஈஸ்டரில் ஒருவர் அதோடு சேர்த்தே சுருட்டிக்கொண்டு வந்தார். ஈரத்தோடு சுருட்டியிருந்தால் வீடு சேர்ந்ததும் விரித்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடித்துவிடும்.

குழாயும் துணியும் மாற்றிய பிறகு, அந்த லேக்ஸ் என்ட்ரன்ஸ் அண்ணன் வண்டியை எடுக்க மனைவியோடு வந்தார். சாவியைக் கொடுக்காமல் அவரையே விரிக்கச் சொன்னேன். மறுபடியும் சமமாக நிறுத்தினார். நான் ஒன்றும் பேசாமல் ஹோஸை எடுத்துத் துணிமேல் தண்ணீர் அடித்தேன். ஒரு தாம்பாள அளவு தேங்கியது.

அந்த அக்காதான் போய் எதிர்ப்பக்கக் காலைப் பிடித்து இரண்டு துளை கீழே இறக்கினார். தண்ணீர் சரசரவென்று மூலைக்கு ஓடி விழுந்தது. அண்ணன் மூன்று ராஃப்டரில் ஒன்றைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டு, "இதை யாருக்காவது குடுத்துருங்க தம்பி" என்றார்.