வைன் வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள்

சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டல் ரெஸ்டாரண்டில் வைன் பரிமாறுவதும், புதிதாகச் சேரும் பையன்களுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுப்பதும் என் பிழைப்பு. மேஜையில் உட்கார்ந்ததும் பலர் கேட்பது, "ஸ்வீட்டா ஒரு ரெட் வைன் இருக்குமா தம்பி?" கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் மெனுவில் பெயர் பெரிதாகத் தெரிகிற ஒரு ரெட்டை அவர்களே தேர்ந்தெடுத்து, ஒரு வாய் குடித்ததும் முகம் சுளிக்கிறார்கள். பாக்கு மென்ற மாதிரி நாக்கு இழுத்துப் பிடிக்கிறதாம். "கெட்டுப்போச்சாப்பா?" என்று கேட்டவர்களும் உண்டு.

கெட்டுப்போகவில்லை. நம் ஊரில் பலருக்கு முதல் வைன், கோவா போய் வந்த யாரோ கொண்டுவந்த போர்ட் வைன். இல்லையென்றால் பெரம்பூர்ப் பக்கம் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போட்ட திராட்சை வைன். இரண்டும் இனிப்பு. வழக்கமான ரெட் வைனில் சாற்றிலிருந்த சர்க்கரையை ஈஸ்ட் கிட்டத்தட்ட முழுவதும் தின்று ஆல்கஹாலாக்கிவிடும். மிஞ்சுவது புளிப்பும் துவர்ப்பும் வாசனையும்தான். போர்ச்சுகலின் அசல் போர்ட்டில் மட்டும், நொதிக்கும்போதே பாதியில் திராட்சை ஸ்பிரிட்டை ஊற்றி ஈஸ்டை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் சர்க்கரை தங்கிவிடுகிறது, ஆல்கஹாலும் 20 சதவீதத்தைத் தொடுகிறது.

துவர்ப்பு எங்கிருந்து வருகிறது? கோயம்பேட்டில் ஒரு கொத்து பன்னீர் திராட்சை வாங்கி, ஒன்றைப் பிதுக்கிப் பாருங்கள். கறுப்புத் தோல் தனியாக வரும், உள்ளே சதை வெளிறிய பச்சை. பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளின் சாறு இப்படித்தான். நிறமும் துவர்ப்பும் முக்கியமாகத் தோலில் இருக்கின்றன. தோலோடு பல நாள் ஊறினால் ரெட், சில மணி நேரத்தில் வடித்துவிட்டால் ரோஸே, சாற்றை உடனே பிழிந்து எடுத்துவிட்டால் வெள்ளை. ஆகவே துவர்ப்புப் பிடிக்காதவர் தேட வேண்டியது சர்க்கரையை அல்ல. ரோஸேயோ, பினோ நுவார் என்ற தோல் மெல்லிய திராட்சையின் ரெட்டோ அவருக்குச் சரிப்படும். (தேனி மாவட்டத்துக் கம்பத்தின் அந்தப் பன்னீர் திராட்சை, வைன் உலகில் மஸ்கட் ஹாம்பர்க். 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது.)

புதிதாக வருபவர்களுக்கு நான் மூன்று திராட்சைகளோடு நிறுத்திக்கொள்வேன். மூன்றும் நாசிக் பக்கம் விளைகின்றன, சென்னையிலும் கிடைக்கின்றன. சோவின்யோன் பிளாங்: வெள்ளை வைன், நல்ல புளிப்பு, வெட்டிய புல்லும் குடைமிளகாயும் கலந்த பச்சை வாசனை, வறுத்த வஞ்சிரத்துக்கு அருமை. ஷெனின் பிளாங்: இதுவும் வெள்ளை, நம் நாட்டுப் பாட்டில்கள் பலவற்றில் லேசான இனிப்பு இருக்கும். "ஸ்வீட்டா" என்பவருக்கு நான் முதலில் ஊற்றுவது இதைத்தான். செட்டிநாட்டுக் கோழிக்கும் இதுவே என் தேர்வு. ஆல்கஹாலும் துவர்ப்பும் தூக்கலான ரெட்டைக் குடித்தால் மிளகாய்க் காரம் இன்னும் ஏறும். மூன்றாவது ஷிராஸ், இது ரெட். மூக்கைக் கிளாஸுக்குள் விட்டால் மிளகு வாசனை வரலாம். அது கற்பனை இல்லை, மிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்ற பொருள் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. சிரா என்று எழுதியிருந்தாலும் இதே திராட்சைதான், விலை வித்தியாசம் பார்த்து ஏமாற வேண்டாம்.

பிரெஞ்சு லேபிள்தான் கொஞ்சம் படுத்தும். பெரும்பாலும் ஊர்ப்பெயர் மட்டும் இருக்கும், திராட்சைப் பெயர் இருக்காது. ஷாப்லி என்றால் ஷார்டனே திராட்சை, பர்கண்டி ரெட் என்றால் பெரும்பாலும் பினோ நுவார்.

அப்புறம், "ரெட் வைனை ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்" என்பது. எந்த ரூம்? அது ஐரோப்பாவின் குளிர்ந்த அறைகளுக்குச் சொன்னது, 16 முதல் 18 டிகிரி. மே மாதத்துச் சென்னையில் அப்படிக் குடித்தால் ஆல்கஹால் நெடிதான் முதலில் ஏறும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் கிடந்த பாட்டில் இன்னும் மோசம். கார்க் வாயைவிட்டு ஒரு நூல் மேலே எழும்பியிருக்கிறதா, மேலுறைக்குக் கீழே பிசுபிசுப்பாகக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சூடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே ஜாம் காய்ச்சிய வாசனை வரும்.

லேபிளில் யாருமே படிக்காதது ஆல்கஹால் சதவீதம். "வைன்தானே, ஜூஸ் மாதிரி" என்று சொல்லிக் குடும்பத்தோடு வருபவர்களிடம் நான் இந்தக் கணக்கைச் சொல்வேன். 13 சதவீத வைன், 750 மில்லி பாட்டில்: உள்ளே 97 மில்லிக்குக் குறையாத சுத்த ஆல்கஹால். 5 சதவீத பீர், 650 மில்லி பாட்டில்கள் மூன்று குடித்தாலும் அதே அளவுதான். 150 மில்லி ஊற்றிய ஒரு கிளாஸ், ஏறக்குறைய 45 மில்லி விஸ்கி. வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்த எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். வெறும் வயிற்றில் அந்த ஒரு கிளாஸே சிலரை எல்லை தாண்ட வைத்துவிடும்.

"ஹார்ட்டுக்கு நல்லதாமே சார்?" என்பதற்கும் பதில் இருக்கிறது. ஆரோக்கியத்துக்குப் பாதகமில்லாத மது அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. மது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது 1988 முதலே பட்டியலில் இருக்கிறது. வைன் விற்கும் நான் இதைச் சொல்வது சிலருக்கு வேடிக்கையாக இருக்கிறது. உடம்புக்கு மருந்து என்று நினைத்துக் குடிப்பவருக்கு நான் விற்க விரும்பவில்லை, அவ்வளவுதான். குடிக்காதவர் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை.

திறந்த பாட்டிலை அன்றே முடித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மூடியை இறுக்கி, ரெட்டாக இருந்தாலும் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் போனால் வினிகர் வாசனை தலைகாட்டும், கீழே கொட்டிவிடுங்கள்.