டேபிள்டாப் ஆர்கேடு மெஷின்: பட்டனை அமுக்கினதுக்கும் ஸ்கிரீன் மாறுறதுக்கும் நடுவுல என்ன நடக்குது?

டேபிள் மேல வெக்கிற சைஸ்ல ஒரு ஆர்கேடு மெஷினை, அதான் கடைகள்ல காசு போட்டு வெளையாடுற கேம் பெட்டியை, வீட்லயே செய்யணும்னு ஆசைப்படுறவங்க பெரும்பாலும் மொதல்ல பெட்டியைப் பத்திதான் யோசிக்கிறாங்க, என்ன ஷேப்பு, என்ன பெயிண்ட்டு, மேல லைட் போட்ட போர்டு எப்படி வரணும்னு. அது ஒண்ணும் பெரிய வேலை இல்லைங்க, அளவு போட்ட படத்தைக் குடுத்தா ஆசாரி 12 மிமீ பிளைவுட்ல அறுத்துக் குடுத்துடுவாரு. வெளையாடும்போது கைக்கு "ஆங், இதான்!"னு தோணுறதும் தோணாம போறதும் பெட்டிக்குள்ள ஓடுற சில மில்லிசெகண்டுலதான் இருக்கு. அதனால நான் பட்டன்ல ஆரம்பிச்சு ஸ்கிரீன் வரைக்கும் அந்த சிக்னல் பின்னாடியே போறேன், உதாரணத்துக்கு 1980ல நாம்கோ கம்பெனி விட்ட பேக்-மேன் கேமை, பேய்கள்கிட்ட மாட்டாம சந்துக்குள்ள ஓடுற அந்த கேமை, எடுத்துக்கலாம்.

ஆர்கேடு பட்டனுக்குக் கீழ ஒரு மைக்ரோசுவிட்ச் இருக்கும். அதுக்குள்ள ஒரு மெல்லிசான உலோகத் தகடு, ஸ்பிரிங் மாதிரி இழுத்துப் பிடிச்ச நிலைமையில நிக்கும், நீங்க அமுக்க அமுக்க ஒரு அளவு வரைக்கும் தாங்கிட்டு அதைத் தாண்டினதும் டக்குனு அந்தப் பக்கம் தாவிடும், அந்த 'க்ளிக்' சத்தம் அதுதான். ஜாய்ஸ்டிக்லயும் இதே சமாச்சாரம்தான், நாலு திசைக்கு நாலு மைக்ரோசுவிட்ச், அவ்ளோதான். எவ்ளோ சாய்ச்சீங்கன்னு அதுக்குத் தெரியாது, எந்த சுவிட்ச் மூடியிருக்குன்னு மட்டும்தான் தெரியும். மூலையில தள்ளினா ரெண்டு சுவிட்ச் ஒண்ணா மூடும். பேக்-மேன் நாலே திசைக்காக எழுதின கேம், அதுக்கு இப்படி ரெண்டு திசை ஒரே நேரத்துல போனா திருப்பத்துல நம்ம நெனைக்காத பக்கம் போயிடுவான், பேய்கிட்ட மாட்டிப்பான். இதுக்குத்தான் பல ஜாய்ஸ்டிக் அடியில சதுர ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் தகடு குடுக்கறாங்க, அதை 45 டிகிரி திருப்பி மாட்டினா மூலைப் பக்கம் தண்டு போகவே முடியாது. கேம் சரியில்ல, சாஃப்ட்வேர் சரியில்லன்னு தேடுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

சுவிட்ச்சுல இருந்து வர்ற வயரை ஒரு சின்ன கன்ட்ரோலர் போர்டு படிக்கணும். சும்மா தொங்குற வயர்ல 0வா 1ஆன்னு நிச்சயமா சொல்ல முடியாது, சுத்தி இருக்கிற மின் இரைச்சலே அதை ஆட்டிவிடும். அதனால போர்டுக்குள்ளயே ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியா அந்தப் பின்னை 3.3 வோல்ட்டுக்கு இழுத்து வெச்சிருப்பாங்க, பட்டனை அமுக்கினா பின் கிரவுண்டோட சேர்ந்து 0 ஆகும், விட்டா திரும்ப 1. இதுனால இன்னொரு வசதி, எல்லா பட்டனோட ஒரு காலையும் ஒரே கிரவுண்ட் வயர்ல வரிசையா கோத்துடலாம், பாதி வயரிங் அங்கயே முடிஞ்சுரும். பேக்-மேனோட ஒரிஜினல் போர்டும் இப்படித்தான், மேல், இடது, வலது, கீழ்னு நாலு திசைக்கு நாலு பிட், அமுக்கினா 0.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருது. உலோகம் உலோகத்துல மோதினா ஒரே தடவையில ஒட்டிக்காது, தரையில போட்ட கோலிகுண்டு மாதிரி துள்ளித் துள்ளித்தான் அடங்கும். கண்ணுக்கு ஒரு அமுக்கு, ஆனா போர்டுக்கு சில மில்லிசெகண்டுக்குள்ள 0, 1, 0, 1, 0ன்னு பல அமுக்கு. இதை வடிகட்ட ரெண்டு வழி இருக்கு. துள்ளல் அடங்குற வரைக்கும், ஒரு 5 மில்லிசெகண்டுன்னு வெச்சுப்போம், காத்திருந்து அப்புறம் முடிவு பண்றது ஒண்ணு. மொதல் தொடுதலையே அமுக்குன்னு ஒத்துக்கிட்டு அடுத்த 5 மில்லிசெகண்டுக்கு அந்தப் பட்டனைக் கண்டுக்காம விடறது இன்னொண்ணு. ரெண்டும் சுத்தமான சிக்னலைத் தரும், ஆனா ரெண்டாவது வழியில தாமதமே இல்ல. கேமுக்கு ரெண்டாவதுதான் வேணும்.

அடுத்து யுஎஸ்பி. நம்ம போர்டு தானா போய் கம்ப்யூட்டர் கிட்ட சேதி சொல்லாது, கம்ப்யூட்டர்தான் "ஏதாவது இருக்கா, ஏதாவது இருக்கா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். 8 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை கேட்டா சராசரியா 4 மில்லிசெகண்டு வீணாகும், 1 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவைன்னா அரை மில்லிசெகண்டுதான். அதனால போர்டு பாக்கெட்ல என்ன பேர் போட்டிருக்குன்னு பாக்காம, எத்தனை மில்லிசெகண்டுக்கு ஒருக்கா பேசும்னு பாருங்க. 2021ல வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ போர்டுல ஜிபி2040-சிஇ ங்கற ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேரை, அதாவது போர்டுக்குள்ளயே ஓடுற ப்ரோக்ராமை, போட்டா செகண்டுக்கு 1000 தடவை பேசும், என்னோட ஓட்டு அதுக்குத்தான். பழைய கீபோர்டைப் பிரிச்சு அதோட போர்டுல பட்டன் வயரை சால்டர் பண்ற வேலை வேணாம், கீபோர்டுக்குள்ள வயர் எல்லாம் வரிசையும் பத்தியுமா பின்னியிருக்கும், ஒவ்வொரு கீக்கும் டயோடு இல்லாட்டி மூணு பட்டனை ஒண்ணா அமுக்கும்போது அமுக்காத நாலாவது பட்டனும் அமுக்கின மாதிரி காட்டலாம்.

இப்போ சேதி கேமை ஓட்டுற கம்ப்யூட்டருக்குள்ள, அதாவது ராஸ்பெர்ரி பை ங்கற கையடக்க கம்ப்யூட்டருக்குள்ள, வந்தாச்சு. அங்க ஓடுறது எமுலேட்டர், இத்தாலிக்காரர் நிக்கோலா சால்மோரியா 1997ல ஆரம்பிச்ச மேம் (MAME) ங்கற ப்ரோக்ராம் இதுல ரொம்ப முக்கியமானது. எமுலேட்டர்னா அதே மாதிரி புதுசா எழுதின கேம் இல்லைங்க. பேக்-மேன் போர்டுல இருந்த சிபியு இசட்80, வேகம் 3.072 மெகாஹெர்ட்ஸ், ப்ரோக்ராம் மொத்தமே 16 கிலோபைட். அந்த அசல் பைட்டுகளை ஒண்ணு ஒண்ணா எடுத்து இதைப் பாத்தா இசட்80 என்ன பண்ணியிருக்கும், எத்தனை கடிகாரத் துடிப்பு எடுத்திருக்கும்னு மேம் நடிச்சுக் காட்டுது. ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது ஸ்கிரீன்ல வர்ற ஒரு முழு படத்துக்கு, 50,688 துடிப்பு, அத்தனையும் ஓட்டி முடிச்சு ஒரு படத்தை வரைஞ்சுட்டு அடுத்த ஃப்ரேமுக்குப் போகும். அசலையே ஓட்டறதால அசல்ல இருந்த பிழையும் அப்படியே வரும். பேக்-மேன் லெவல் எண்ணை ஒரே பைட்ல வெக்கிறான், அதுல 255க்கு மேல எண்ண முடியாது, அதனால 256வது லெவல்ல கணக்கு உடைஞ்சு பாதி ஸ்கிரீன் கண்டபடி எழுத்தா நிரம்பிடும், உங்க டேபிள் மேல இருக்கிற மெஷின்லயும் அதே நடக்கும். எனக்கு இதைவிட அழகான அத்தாட்சி வேற இல்ல. கேம் ரோம் ஃபைலுக்கு, அதாவது அந்த அசல் பைட்டுகளோட நகலுக்கு, காப்புரிமை உண்டு, மேம் சைட்லயே கிரிட்லி, ராபி ரோட்டோ மாதிரி அனுமதியோட குடுத்திருக்கிற கேம்கள் இருக்கு, டெஸ்ட் பண்ண அதுலயே ஆரம்பிக்கலாம்.

கடைசியா ஸ்கிரீன். பழைய பிக்சர் டியூப்ல போர்டு அனுப்புற ஒவ்வொரு புள்ளியும் அந்த நொடியே வெளிச்சமாயிடும். எல்சிடி அப்படி இல்ல, சைஸ் மாத்தணும், கலர் திருத்தணும்னு முழு ஃப்ரேமையே வாங்கி வெச்சுக்கலாம், அப்படி ஒரு ஃப்ரேம் தள்ளினாலே 16.7 மில்லிசெகண்டு போச்சு. நம்ம பட்டன்ல மிச்சம் பிடிச்சதெல்லாம் இங்க ஒரே அடியில கரைஞ்சுடும். டிவி பேனல்னா கட்டாயம் கேம் மோடு போடுங்க, அதைவிட கம்ப்யூட்டர் மானிட்டர் மேல். பேக்-மேன் படம் 224க்கு 288 புள்ளி, நெட்டையானது. பழைய 17 இன்ச் 1280க்கு 1024 மானிட்டரை நிமித்தி வெச்சா சரியா 4 மடங்கு, 896க்கு 1152, உள்ள அடங்கிடும், ஒரு புள்ளி கூட மங்காது. ஆனா அது டிஎன் பேனலான்னு பாருங்க, எல்சிடியில அது ஒரு வகை. டிஎன் பேனல்ல மேலயும் கீழயும் இருந்து பாத்தாதான் கலர் கெடும், நிமித்தி வெச்சதும் அந்தக் குறை பக்கவாட்டுக்கு வந்துடும், பக்கத்துல உக்காந்து பாக்கறவருக்கு கலர் வெளுத்துடும். எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் கலர் அவ்வளவா மாறாத ஐபிஎஸ் பேனல் கெடச்சா விடாதீங்க. இன்னொண்ணு, பேக்-மேன் செகண்டுக்கு 60.6 ஃப்ரேம், மானிட்டர் 60. அப்படியே விட்டா ஒன்றரை செகண்டுக்கு மேல ஆனதும் ஒரு ஃப்ரேம் தவறி படம் லேசா துள்ளும், கேமை 1 சதவீதம் மெதுவாக்கி மானிட்டரோட ஒத்துப்போக விட்டா வழவழன்னு ஓடும், சத்தத்துல வித்தியாசமே தெரியாது.

பெட்டி விஷயத்துல ஒண்ணே ஒண்ணு. ஜப்பான் மாடல் பட்டனுக்கு 30 மிமீ ஓட்டை, க்ளிப் வெச்ச பட்டன் மெல்லிசான தகட்டுல மட்டும்தான் கவ்வும், 12 மிமீ பலகைக்கு மரை போட்ட பட்டன் வாங்குங்க. சென்னைக்காரங்கன்னா ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனா வயர், பவர் சப்ளை எல்லாம் பாத்து வாங்கிடலாம், பை 4க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் வேணும், கம்மியானா நடு ஆட்டத்துல திணறும்.

எல்லாம் மாட்டினப்புறம் கட்டாயம் அளந்து பாருங்க. பட்டனோட சேர்த்து ஒரு எல்இடி எரியற மாதிரி வயர் பண்ணி, அதையும் ஸ்கிரீனையும் சேர்த்து ஃபோன்ல 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷன்ல எடுங்க. எல்இடி எரிஞ்ச ஃப்ரேமுக்கும் ஸ்கிரீன் மாறின ஃப்ரேமுக்கும் நடுவுல எத்தனைன்னு எண்ணி 4.2 ஆல பெருக்கினா தாமதம் மில்லிசெகண்டுல வந்துடும். கேம் இன்புட்டை எப்போ படிக்குதுங்கறதைப் பொறுத்து ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும், அதனால பல தடவை எடுத்து சராசரி பாத்துட்டு, அப்புறமா மானிட்டர் செட்டிங்கையோ போர்டையோ ஒண்ணு ஒண்ணா மாத்திப் பாருங்க.