காலவழு: ‘அனக்ரானிசம்’ என்பதற்கு நன்னூலில் இருக்கும் சொல்

ராஜராஜ சோழன் காலத்துச் (985–1014) சமையலறை என்று ஒரு காட்சி. அடுப்புக்குப் பக்கத்தில் முறம் நிறைய சிவப்பு மிளகாய் வற்றல். இதற்குப் பெயர்தான் அனக்ரானிசம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இல் கொலம்பஸ் அந்தப் பக்கம் போன பிறகு, போர்த்துகீசியர் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. ராஜராஜன் வீட்டுக் காரம் முழுக்க மிளகுதான். மிளகாய் என்ற பெயரே இதைச் சொல்லிவிடும்: மிளகுபோல உறைக்கும் காய். மிளகை முன்பே அறிந்தவர்கள், பின்னால் வந்த ஒன்றுக்கு வைத்த பெயர் அது.

ஒரு காலத்துக்கு உரிய பொருள், சொல், ஆள், பழக்கம் ஆகியவற்றில் ஒன்று அதற்கு உரியதல்லாத காலத்தில் போய் உட்கார்ந்துகொள்வது அனக்ரானிசம். மூலம் கிரேக்கம். ‘அனா’ என்றால் எதிராக, பின்னோக்கி. ‘குரோனோஸ்’ என்றால் காலம். குரோனாலஜி, குரோனோமீட்டர் எல்லாம் அதே குடும்பம். ஆங்கிலத்துக்குள் 17ஆம் நூற்றாண்டில் வந்தபோது அதன் பொருள் குறுகலாக இருந்தது: ஆண்டுக் கணக்கில் செய்யும் தவறு, அவ்வளவே. பொருந்தாத காலத்தில் கிடக்கும் பொருளையும் அது குறிக்கத் தொடங்கியது பிற்பாடு.

சொல் புதிது என்றாலும் வேலை பழையது. ரோமப் பேரரசின் மேற்குப் பகுதி முழுவதையும் கான்ஸ்டன்டைன் பேரரசர் போப்பாண்டவருக்கு எழுதிக்கொடுத்ததாக ஒரு பத்திரம் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நடமாடியது. 1440இல் லொரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர் அதைப் போலி என்று நிறுவினார். அவர் கையில் எடுத்த சான்றுகளில் முக்கியமானது பத்திரத்தின் லத்தீன் மொழி. ரோம அதிகாரிகளை ‘சத்ராப்’ (பாரசீக மாகாண ஆளுநருக்கான சொல்) என்று அது குறிப்பிடுகிறது. கான்ஸ்டன்டைன் வாழ்ந்த 4ஆம் நூற்றாண்டு ரோமில் எவரும் எந்த அதிகாரியையும் அப்படி அழைத்ததில்லை. ஒரு சொல் பத்திரத்தையே கவிழ்க்கத் துணை போனது. வரலாற்றுப் படத்தின் வசனத்தைச் சோதிக்கவும் இதே வழிதான்; அதைப் பின்னால் பார்ப்போம்.

தமிழில் இதற்குக் காலமுரண், காலப்பிழை, காலமயக்கம், காலவழு என்று பல சொற்கள் புழங்குகின்றன. காலப்பிழை என்றால் தேதியைத் தப்பாக எழுதியதுபோல் இருக்கிறது. காலமயக்கம் என்பது இலக்கணத்தில் ஒரு காலம் இன்னொரு காலத்துக்கு வருவதைக் குறிக்க ஏற்கெனவே பயன்படுகிறது. காலமுரண் நல்ல சொல், பரவலாகவும் இருக்கிறது. ஆனால் முரண் என்று சொல்லிவிட்டால் அது குற்றமா, வேண்டுமென்றே செய்ததா என்று பிரிக்க வழியில்லை. பிரிக்கக் கருவி வைத்திருப்பது காலவழு ஒன்றுதான்.

வழு என்பது வழுவுதல், வழுக்குதல் ஆகியவற்றோடு சேர்ந்த சொல்; தடத்திலிருந்து சறுக்குவது. நன்னூல் வழுவை ஏழாக எண்ணுகிறது: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. அங்கே காலவழு என்றால் வினைமுற்றின் காலம் தவறுவது, ‘நேற்று வருவான்’ என்பதுபோல. வரலாற்றுக் காலத்துக்கு அதை நீட்டுவது நம் வசதிக்கு. நீட்டினால் கூடவே இரண்டு சொற்கள் இலவசமாக வந்துவிடும். சறுக்காமல் நிற்பது வழாநிலை. சறுக்கல்தான் என்றாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. வரலாற்றுப் படங்களைப் பற்றிய சண்டைகளில் பாதி, ஒருவர் வழு என்று காட்டுவதை இன்னொருவர் வழுவமைதி என்று நினைப்பதால் வருவது. இருவரிடமும் அந்தச் சொற்கள் இல்லாததால் ‘படத்தைப் படமாகப் பார்’, ‘வரலாற்றைத் திரிக்காதே’ என்று கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

காலம் மாறி வரலாம் என்பதற்கு நன்னூல் நான்கு காரணம் சொல்கிறது: விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரை வெளியிலிருந்து கூப்பிட்டால் ‘இதோ வந்துவிட்டேன்’ என்கிறார். இன்னும் கைகூடக் கழுவவில்லை. எதிர்காலத்துக்கு இறந்தகாலம் வந்தது, விரைவுக்காக ஏற்கிறோம்.

திரையில் இதற்கு அச்சு அசலான எடுத்துக்காட்டு ‘அப்பல்லோ 13’ (1995). 1970 ஏப்ரலில் விண்கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்ததும் வீரர்கள் தரைக்குச் சொன்னது, ‘ஹூஸ்டன், எங்களுக்கு ஒரு சிக்கல் ஏற்பட்டிருக்கிறது’ என்ற பொருள்படும் வாக்கியம். நடந்து முடிந்த ஒன்றை அறிவிக்கும் வினை. படத்தில் அது ‘சிக்கல் இருக்கிறது’ என்று நிகழ்காலத்துக்கு மாறியது. உலகம் முழுக்க மேற்கோளாகத் திரிவது படத்தின் வாக்கியம்தான். ஒலிப்பதிவோடு ஒப்பிட்டால் வழு. ஆனால் சிக்கலை முடிந்துபோன செய்தியாகச் சொன்னால் பார்ப்பவர் நாற்காலியின் நுனிக்கு வரமாட்டார். விரைவு பற்றிய கால வழுவமைதி என்று நன்னூல் உரையிலேயே சேர்த்துவிடலாம். யார் என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்பதில் அந்த மாற்றம் ஒரு துரும்பையும் அசைக்கவில்லை.

அமைதி பெறுமா என்று பார்க்க இந்தக் கடைசி வாக்கியத்தையே உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். ‘ஹிட்டன் ஃபிகர்ஸ்’ (2016) படத்தை அதில் உரசிப் பாருங்கள். கதை நடப்பது 1961 வாக்கில். நாசாவின் லாங்லி மையத்தில் கறுப்பினப் பெண் கணக்கர்களுக்குத் தனிப் பிரிவு, தனிக் கழிப்பறை. மேலதிகாரி ஒருவர் கழிப்பறைப் பலகையை உடைத்து அதற்கு முடிவு கட்டுகிறார். உண்மையில் அந்தத் தனிப் பிரிவு 1958இல், நாசா உருவானபோதே கலைக்கப்பட்டுவிட்டது. பலகையை உடைக்கும் காட்சி புனைவு. அந்த மேலதிகாரியும் பலரைக் கலந்து செய்த பாத்திரம். மூன்று ஆண்டு வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். ஆனால் படத்தின் நாயகியான கணக்கர் கேத்தரின் ஜான்சன் உண்மையில் தனக்கென்று ஒதுக்கிய கழிப்பறையைத் தேடி ஓடவில்லை. எல்லாரும் போகும் கழிப்பறைக்கே போனார். அவர் தானாகச் செய்ததைப் படம் ஒரு வெள்ளை அதிகாரியின் நற்செயலாக மாற்றிவிட்டது. செய்தவர் மாறிவிட்டார். இதை அமைதி என்று ஒப்புக்கொள்ள முடியாது. அதற்காகப் படத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன். பரிந்துரைக்கும்போது இந்த ஒரு வழுவைச் சேர்த்துச் சொல்லிவிட்டால் படம் கெட்டுப்போகாது.

‘பிரேவ்ஹார்ட்’ (1995) இன்னும் துணிச்சலானது. வில்லியம் வாலஸ் 1305இல் லண்டனில் கொல்லப்பட்டார். படத்தில் அவரோடு காதல் கொள்ளும் பிரெஞ்சு இளவரசி இசபெல்லா ஏறத்தாழ 1295இல் பிறந்தவர், இங்கிலாந்துக்கு மணமகளாக வந்தது 1308இல். அவர் வயிற்றில் வளர்வது வாலஸின் பிள்ளை என்று படம் சொல்கிறது. அவருடைய மூத்த மகன் மூன்றாம் எட்வர்டு பிறந்தது 1312 நவம்பரில். வாலஸ் இறந்து ஏழு ஆண்டு கழிந்து. படத்தில் எல்லாரும் உடுத்தியிருக்கும் கட்டம் போட்ட மேலாடையோ 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த பாணி. கிட்டத்தட்ட 300 ஆண்டு முந்திவிட்டது. இரண்டும் காலவழுதான் என்றாலும் ஆடை கண்ணோடு போய்விடும், பிள்ளை அரச வம்சத்தையே மாற்றிவிடும். சரி, அதே படத்தில் 1297இன் ஸ்டெர்லிங் பாலப் போர் பாலமே இல்லாத வெளியில் நடக்கிறதே? அது காலவழு ஆகாது, இடவழு. எல்லாப் பிசகையும் அனக்ரானிசம் என்ற ஒரே கூடையில் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

சொல்லிவிட்டால் திருத்தக்கூடிய வழுவும் உண்டு. ‘டைட்டானிக்’ (1997) படத்தில் கப்பல் மூழ்கும் இரவின் விண்மீன்கள் 1912 ஏப்ரல் 15 அதிகாலை அந்தக் கடல்மேல் இருந்திருக்க வேண்டியவை அல்ல என்று வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். 2012இல் முப்பரிமாணத்தில் மறுபடி வெளியிட்டபோது ஜேம்ஸ் கேமரூன் வானத்தை மாற்றினார்.

வழு எந்தப் பக்கம் சறுக்கியது என்பதையும் பார்க்க வேண்டும். இன்னும் பிறக்காத பொருள் முன்கூட்டியே வந்தால் அது நடக்கவே முடியாதது. வழக்கொழிந்த பொருள் பிந்தி வந்தால் அப்படி அடித்துச் சொல்ல முடியாது. பாட்டன் வைத்திருந்த கைக்கடிகாரத்தைப் பேரன் கட்டிக்கொண்டு திரியலாம். அதனால் ஒரு பொருள் எப்போது வழக்கிழந்தது என்று தேடுவதைவிட எப்போது முதலில் வந்தது என்று தேடினால் வாதம் நிற்கும்.

ஒரு படத்தைச் சோதிக்க உட்கார்ந்தால் முதலில் திரையில் போடும் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆட்களின் பிறப்பு, இறப்பு ஆண்டுகள். அந்த ஆண்டில் ஒவ்வொருவருக்கும் என்ன வயது என்று கழித்துப் பார்த்தால் பெரிய வழுக்கள் அங்கேயே அகப்படும். அடுத்தது நிகழ்ச்சிகளின் வரிசை. பொருளும் உடையும் அதற்குப் பிறகுதான். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். மூலையில் தெரிந்த மின்கம்பியைக் கண்டுபிடித்துக் கொண்டாடிவிட்டு, போர் நடந்த காரணமே மாறிப்போனதை விட்டுவிடுவார்கள். கட்டடங்களில் ஒரு பொறி உண்டு: சோழர் காலக் காட்சியைத் தஞ்சைப் பெரிய கோயிலிலேயே எடுத்தாலும், இன்று அங்கிருக்கும் பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. அது சட்டகத்துக்குள் வந்தால் காலவழு.

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். ‘பொன்னியின் செல்வன்’ படத்தில் நந்தினியை மாற்றிவிட்டார்கள், வரலாறு போச்சு என்று வாதிட்டவர்கள் உண்டு. நந்தினி கல்கியின் கற்பனை. மாறியது நாவல், வரலாற்றில் அந்தப் பெண்ணே இல்லை.

வசனத்துக்கு வருவோம். சோழ அரசன் 11ஆம் நூற்றாண்டுத் தமிழிலேயே பேசினால் அரங்கில் ஒருவருக்கும் புரியாது. அதனால் அவன் நம் காலத்து வாக்கிய அமைப்பில் பேசுவதை அமைதியாகவே கொள்கிறோம். அதற்காக எந்தச் சொல்லும் வரலாம் என்று ஆகிவிடாது. ‘ஜன்னலைச் சாத்து’, ‘சாவி எங்கே’, ‘மேசைமேல் வை’, ‘அலமாரியில் பார்’ நான்கும் சோழன் வாயில் வழு. நான்கு சொல்லும் போர்த்துகீசியம். 1498இல் அவர்கள் கோழிக்கோட்டுக் கரையில் இறங்குவதற்கு முன் தமிழில் கிடையாது. ஜன்னலுக்குச் சாளரம் இருக்கிறது, காற்று வரும் வழி என்ற பொருளில் காலதர் இருக்கிறது; சாவிக்குத் திறவுகோல். வல்லா சத்ராப்பைப் பிடித்ததுபோல் இவற்றைப் பிடிக்கலாம்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) படத்தில் ஜாக்சனோடு மோதும் வசனத்தில் ‘கிஸ்தி’ என்று வருவதைத் தூய தமிழ் இல்லை என்று குறை சொல்பவர் உண்டு. அரபு மூலத்திலிருந்து வரிவசூல் வழக்கில் புகுந்த அந்தச் சொல் 1798க்குச் சரியாகப் பொருந்துகிறது. அதே சொல்லை ராஜராஜனுக்குக் கொடுத்தால்தான் வழு. ராமநாதபுரத்தில் இருவரும் சந்தித்தது வரலாறு, மற்றபடி அந்தப் பேச்சு சக்தி கிருஷ்ணசாமி எழுதியது. அந்த அடுக்குத்தமிழ் 20ஆம் நூற்றாண்டு மேடையுடையது. அதைக் கேட்டுப் பழகியதால் அரசர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று நாமே நம்பிவிட்டோம்.

பயன்பாட்டில் ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் காலத்தோடு ஒட்டாத மனிதரையும் சட்டத்தையும் அனக்ரானிசம் என்பதுண்டு. அந்த இடத்தில் காலவழு செல்லாது. ‘காலத்துக்கு ஒவ்வாத சட்டம்’ என்று எழுதுங்கள். காலவழு பிரிக்காமல் ஒரே சொல்லாக வரும், பன்மையில் க் மிகுந்து காலவழுக்கள். ‘காலவலு’ என்று எழுதிவிடாதீர்கள். வலு என்றால் பலம்.