விசையை எத்தனை முறை அழுத்த வேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்குக் கட்டைப் பிரித்தேன். பறிமுதல் மகஜரில், அதாவது கைப்பற்றிய பொருளைப் பதிவு செய்யும் ஆவணத்தில், ‘ஆட்டோமேட்டிக் பிஸ்டல் ஒன்று’ என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லை நம்பி, தடை செய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்ததாகக் குற்றச்சாட்டும் சேர்ந்துவிட்டது. மாதங்கள் கழித்து வந்த தடய அறிவியல் அறிக்கையோ வேறு கதை சொன்னது: .32 அளவுக் குழல் கொண்ட பிஸ்டல், விசையை (டிரிக்கரை) ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டாதான் வெடிக்கும். அதாவது, அது வெறும் அரைத் தானியங்கி. அதுவரை அந்த மனிதர் சிறையில்தான் இருந்தார். உரிமமின்றி வைத்திருந்தது குற்றமே, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் செய்த குற்றத்துக்குத்தான் தண்டனை இருக்க வேண்டும்.

அரைத் தானியங்கி என்பதில் தானாக நடப்பது என்ன? சுடுவது அல்ல, அடுத்த தோட்டாவை ஏற்றுவதுதான். வெடிப்பின் ஆற்றலில் ஒரு பகுதியே காலிக் கூட்டை வெளியே தள்ளி, தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைச் சுடும் அறைக்குள் கொண்டுவருகிறது. அதை வெடிக்கவைக்க, விசையை விட்டு மீண்டும் அழுத்த வேண்டும். முழுத் தானியங்கியிலோ அழுத்திய விரலை எடுக்கும்வரை, அல்லது தோட்டாக்கள் தீரும்வரை, சுடுதல் நிற்காது. ரிவால்வரும் ஓர் அழுத்தத்துக்கு ஒரு குண்டுதானே என்பார்கள். அதன் உருளையைச் சுழற்றுவது சுடுபவரின் கைவலிமை, வெடிப்பு அல்ல. ஆகவே வழக்கமான ரிவால்வர் அரைத் தானியங்கி ஆகாது.

நம் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, தடை செய்யப்பட்ட ஆயுதத்தை விளக்கும்போது விசையையே அளவுகோலாக்குகிறது: விசையிலிருந்து அழுத்தம் நீங்கும்வரை, அல்லது மேகசின் காலியாகும்வரை, குண்டுகள் தொடர்ந்து வெளிவர வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின், இத்தகைய ஆயுதத்தை உரிமமின்றி வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டுகள் வரை சிறை. மகஜரில் தவறி விழும் ஒரு சொல்லின் எடை இதுதான்.

அதற்காக, அரைத் தானியங்கி என்றாலே சட்டம் கண்டுகொள்ளாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் அரைத் தானியங்கித் துப்பாக்கிகள் கடுமையான முதல் வகையில் இருக்கின்றன. அரைத் தானியங்கியாகவே இருந்தாலும் சாதாரண பிஸ்டலும், ரிவால்வரும் மூன்றாம் வகை. ஆனால் படையினர் பயன்படுத்தும் 9 மி.மீ. தோட்டாவைச் சுடக்கூடிய பிஸ்டல் முதல் வகைக்கே போய்விடும். சுடும் முறையோடு குழலின் அளவும் சேர்ந்துதான் வழக்கின் போக்கைத் தீர்மானிக்கிறது.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்திலும் இதே கோடுதான். அரைத் தானியங்கி ரைபிளுக்கு, ஒவ்வொரு தோட்டாவுக்கும் விசையைத் தனியாக அழுத்த வேண்டும் என்று அது வரையறுக்கிறது. அரைத் தானியங்கி ரைபிளை மிக வேகமாகச் சுடவைக்கும் ‘பம்ப் ஸ்டாக்’ கருவி அதை இயந்திரத் துப்பாக்கி ஆக்குகிறதா என்ற கேள்வி 2024 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. ஆறு நீதிபதிகள் ‘இல்லை’ என்றார்கள், மூவர் மறுத்தார்கள். குண்டுகள் பொழியும் வேகம் எதுவானாலும், விசையின் ஓர் இயக்கத்துக்கு ஒரு குண்டு என்பதே பெரும்பான்மையினரின் வாதம். அத்தகைய துப்பாக்கிக்குப் பலியானவர்களின் குடும்பங்களுக்கு இந்த இலக்கணம் எப்படி ஒலித்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

இத்தகைய வழக்கை எடுக்கும் இளம் வழக்கறிஞர்கள் மகஜரோடு நிற்காமல் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். சோதனையில் எத்தனை தோட்டாக்கள் சுடப்பட்டன, ஒவ்வொன்றுக்கும் விசை தனியாக அழுத்தப்பட்டதா என்று நிபுணரிடம் குறுக்கு விசாரணையில் கேளுங்கள். சான்றுப் பொருளைக் கையில் தரும்போது மேகசினைக் கழற்றிவிட்டோம் என்றால் நம்பிவிடாதீர்கள். சுடும் அறையில் ஒரு தோட்டா ஏற்கெனவே ஏறியிருக்கலாம். துப்பாக்கியைக் கையாளத் தெரிந்தவரைக் கொண்டு அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.