சீசனுக்கு அழைத்து வராதீர்கள்

"மலைக்கு வந்தால் தெளிந்துவிடுவான்" என்ற நம்பிக்கையோடு இந்த மே மாதமும் ஒரு குடும்பம் குன்னூரில் மனநல மருத்துவரான என் முன்னால் வந்து அமர்ந்தது. மகனுக்கு ஆட்டிசம் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். நன்றாகப் படித்து வேலைக்கும் போனவன். இப்போது பேச்சு நின்றுவிட்டது. பல் துலக்கக்கூட யாராவது நினைவூட்ட வேண்டும். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொள்கிறான். "சோம்பல் மேடம்" என்கிறார் அப்பா.

இதற்குப் பெயர் ஆட்டிச பர்ன்அவுட், அதாவது தாங்கித் தாங்கி முற்றிலும் ஓய்ந்துபோவது. ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடமே கேட்டு 2020இல் வெளியான ஓர் ஆய்வு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: தீராத களைப்பு, கைவந்த திறன்கள் நழுவுவது, ஒலி ஒளியைத் தாங்க முடியாமை. பெரும்பாலும் மூன்று மாதத்துக்கும் மேல் நீடிக்கும். ஒரு வார ஹோட்டல் அறையில் தீருமா?

அதுவும் சீசனில்! மேட்டுப்பாளையம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு ஹாரன். மேலே மலர்க் கண்காட்சி நெரிசல், படகு இல்லத்தில் வரிசை. பழகாத கட்டில், உறுத்தும் கம்பளி, வாய்க்குப் பிடிக்காத சாப்பாடு. போதாததற்குச் சித்தி, பெரியப்பா குடும்பங்கள் வேறு. எல்லோரோடும் சிரித்துப் போட்டோவுக்கு நிற்க வேண்டும். வருடக்கணக்காக மற்றவர்களைப்போல் நடித்து நடித்தே அவன் சாய்ந்திருக்கிறான். அதே நடிப்பை ஊட்டியில் தொடரச் சொல்கிறீர்கள்.

எங்கள் தொழிலிலும் குறை உண்டு. நோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5, ஐசிடி-11 கையேடுகள் இரண்டிலும் இது தனி நோயாக இல்லாததால், மனச்சோர்வு என்று மட்டும் எழுதி, "நாலு பேரோடு பழகு" என்று அனுப்பிவிடுகிறோம். மனச்சோர்வும் சேர்ந்து இருக்கலாம், மருந்தும் தேவைப்படலாம். ஆனால் அந்த அறிவுரை பலரை இன்னும் கீழே தள்ளுகிறது.

வீட்டுக்கே திரும்புங்கள். தினமும் அதே தயிர் சாதம்தான் வேண்டுமென்றால் கொடுங்கள். டியூப்லைட்டை அணையுங்கள். பேச வரவில்லையென்றால் வாட்ஸ்அப்பில் எழுதட்டும். கையை உதறினால், முன்னும் பின்னும் ஆடினால் தடுக்காதீர்கள். ரயில் கால அட்டவணையில் மணிக்கணக்காக மூழ்கட்டும், அது வீண்பொழுது இல்லை. கல்யாணம், கிரகப்பிரவேசம் எதற்கும் இழுக்காதீர்கள். தைராய்டு, இரத்தசோகைப் பரிசோதனை ஒருமுறை செய்துவிடுங்கள். வேலைக்குத் திரும்பும்போது பழைய சுமை வேண்டாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது, சுமையைக் குறைக்கச் சொல்லி அலுவலகத்தில் தயங்காமல் கேளுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் காத்திருக்காதீர்கள்: அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ், 14416, தமிழிலும் பேசலாம்.

"எப்போது சரியாவான்?" என்று அவன் காதுபடக் கேட்பதை மட்டும், தயவுசெய்து, இன்றே நிறுத்துங்கள்.