பம்பளிமாஸ் தோலும் ஹெல்மெட் தெர்மோகோலும்

மச்சான் போன மாசம் பைக்கோட சறுக்கி விழுந்தாரு, தலையில ஒண்ணும் இல்ல, ஹெல்மெட் வெளிய ஒரு கீறல்தான், அதனால அதையே திரும்ப மாட்டிக்கிட்டு மோல்மேன் ஊர் பூரா சுத்துறாரு. நான் பிடுங்கி உள்துணியைக் கழட்டிக் காட்டினேன். காதுக்கு மேல தெர்மோகோல்ல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம், அங்க இருந்த மணியெல்லாம் தட்டையாகி, பக்கத்துல மயிரிழை மாதிரி விரிசல்.

தெர்மோகோல்னா பாலிஸ்டைரீன், பெரும்பகுதி காத்துதான், நடுவுல மெல்லிசு மெல்லிசா அறைச் சுவர். அடி விழும்போது அந்தச் சுவரெல்லாம் வரிசையா மடங்கி நசுங்குது, நசுங்கி முடியுற வரைக்கும் எதிர்ப்பு ஏறக்குறைய ஒரே அளவுலதான் இருக்கும், முடிஞ்சதும் கல்லு மாதிரி ஆயிடும். தலை ஒன்றரை மீட்டர்லேர்ந்து விழுந்து 3 மில்லிமீட்டர்ல நின்னா சராசரியா புவியீர்ப்பு மாதிரி 500 மடங்கு அதிர்ச்சி, அதே தலை தெர்மோகோலை 3 சென்டிமீட்டர் நசுக்கி நின்னா 50 மடங்குதான். அந்தக் கொஞ்ச தூரம்தான் உசுரு. ஆனா மடங்குன சுவர் திரும்ப நிமிராது, அதே இடத்துல மறுபடி அடிபட்டா நசுங்க அங்க ஒண்ணும் மிச்சமில்ல.

நம்ம பம்பளிமாஸும் இதே வேலையைத்தான் செய்யுது. பத்து மீட்டர் உயரத்துலேர்ந்து விழுற பழம் தரையைத் தொடும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துல இருக்கும், அப்படியும் பெரும்பாலும் வெடிக்காது. உரிக்கும்போது கவனிச்சுப் பாருங்க, பச்சைத் தோலுக்குக் கீழ ரெண்டு மூணு சென்டிமீட்டருக்கு வெள்ளையா பஞ்சு, மேல நெருக்கமா ஆரம்பிச்சு உள்ள போகப்போக காத்து இடைவெளி பெருசாகும். எவ்வளவு அழகான அமைப்பு!

இன்னொரு விஷயம் வேகம். மெமரி ஃபோம் தலைகாணியை மெதுவா அமுக்குனா கை புதையும், ஓங்கிக் குத்துனா கெட்டியா எதிர்க்கும். ஏன்னா பாலிமர்ங்குறது நூல்கண்டு மாதிரி பின்னிக் கிடக்குற நீளமான மூலக்கூறு, மெதுவா தள்ளுனா ஒண்ணுமேல ஒண்ணு வழுக்கி இடம் கொடுக்கும், சில மில்லிசெகண்ட்ல முடியுற அடிக்கு நகர நேரமே கிடைக்காது. உள்ள இருக்குற காத்துக்கும் நுண்துளை வழியா வெளியேற நேரம் வேணுமில்ல? அதனால ஒரு ஃபோமை விரலால அமுக்கிப் பாத்துட்டு இது தலையைக் காப்பாத்தும்னு முடிவு பண்ணவே முடியாது, அடி விழுற வேகத்துலயே அடிச்சுப் பாக்கணும்.

மச்சானுக்குப் புதுசு வாங்கியாச்சு. பழசை ரெண்டா அறுத்துத்தான் குப்பையில போட்டேன், முழுசா போட்டா வேற யாராவது எடுத்து மாட்டிக்குவாங்க.